இகுவானாவுக்குப் பெரிய கூண்டு: எந்த மரம் தாங்கும், எது தீங்கு செய்யாது?

கேள்வி (கோயம்புத்தூர்)

வணக்கம். எங்கள் வீட்டில் வளரும் பச்சை இகுவானா வால் நுனிவரை நான்கடியைத் தாண்டிவிட்டது. இப்போதுள்ள கண்ணாடித் தொட்டியில் அதனால் உடலை மடக்காமல் திரும்ப முடியவில்லை. ரசீதோடு வாங்கி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் முறையாகப் பதிவு செய்த விலங்கு அது. வளர்ந்தபின் ஐந்தடியையும் தாண்டும் என்பதாலும், மரத்தின் மேல் வாழும் இனம் என்பதாலும், ஆறடி நீளம், மூன்றடி ஆழம், ஆறரை அடி உயரம் என்ற அளவில் முதல் மாடி அறையிலேயே நிலையான கூண்டு ஒன்றைக் கட்ட முடிவு செய்திருக்கிறோம். முன்பக்கம் கண்ணாடிக் கதவுகள், மற்ற மூன்று பக்கமும் மரம் என்பது திட்டம்.

உள்ளே ஈரப்பதம் 70 முதல் 80 சதவீதம் வரை இருக்க வேண்டும். விளக்கின் கீழே அது படுத்துக் குளிர்காயும் கிளையில் 35 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் இருக்கும். நாள்தோறும் நீர் தெளிப்போம். இப்படி வெப்பத்தையும் ஈரத்தையும் ஒருசேர ஆண்டுக்கணக்கில் தாங்கும் மரம் எது என்பது முதல் கேள்வி. அந்த மரத்திலோ, அதில் ஊட்டிய மருந்திலோ, மேலே பூசும் பூச்சிலோ இருக்கும் எதுவும் விலங்கைப் பாதிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பது இரண்டாவது கேள்வி. எங்களுக்கு அதிகக் கவலை தருவது இதுதான்.

கேட்ட இடங்களில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். வீட்டு வேலை செய்த ஆசாரி முழுவதும் தேக்கில் செய்யச் சொல்கிறார். கடைக்காரர் மரைன் பிளைவுட் போதும், கரையான் அண்டாது என்கிறார். அப்பாவோ ஊரில் அறுத்து அடுக்கி வைத்திருக்கும் வேப்பம்பலகையைக் கொண்டுவரலாம் என்கிறார். தெரிந்த ஒரு தொழிற்சாலையில் பைன் மரப் பேலட்டுகள் (சரக்கு அடுக்கும் மரத் தட்டுகள்) இலவசமாகக் கிடைக்கும் என்றும் ஒருவர் சொன்னார். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


பதில் (சென்னை, இகுவானா வளர்ப்பவர்)

வணக்கம். மரத்தைப் பற்றித் தச்சுத் தொழில் தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்வார்கள் என்று நம்புகிறேன். நான் விலக்க வேண்டியவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மரநாரையும் மரத்தூளையும் பசையில் அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு ஆகிய இரண்டையும், மேலே எவ்வளவு அழகான லேமினேட் ஒட்டியிருந்தாலும், இந்த வேலைக்கு வாங்க வேண்டாம். திருகாணித் துளை வழியாகவோ வெட்டிய விளிம்பு வழியாகவோ ஒருமுறை நீர் புகுந்துவிட்டால் அவை ஊதிப் பொரிந்துவிடும், மறுபடி காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. சமையலறை அலமாரிக்குப் பலரும் பயன்படுத்தும் பி.வி.சி. ஃபோம் போர்டு நீருக்கு அஞ்சாது என்றாலும் வெப்பத்தில் இளகக்கூடியது. விளக்கு தொங்கும் மேற்பலகைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இகுவானா தன் கூண்டை நகத்தால் கீறும், வாலால் ஓங்கி அடிக்கும், புதிய பரப்பு எதைக் கண்டாலும் நாக்கால் தொட்டுப் பார்க்கும். ஆகவே மரத்தின் மேல்பரப்பில் என்ன இருக்கிறதோ, அது எந்நாளும் அதன் வாய்க்குள் போகிறது என்று எண்ணியே தேர்வு செய்ய வேண்டும்.


பதில் (செங்கோட்டை, தச்சுத் தொழில்)

வணக்கம். கூண்டு முழுவதற்கும் ஒரே மரம் என்று தேடுவதால்தான் குழப்பம் வருகிறது. சட்டத்துக்கு ஒரு பொருள், சட்டங்களுக்கு இடையே அடைக்கும் பலகைக்கு வேறொரு பொருள் என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் பலகை. மூன்றடி, ஆறடி அகலமான பரப்பை வெட்டுமரத்தில் செய்தால், அது தேக்கே ஆனாலும், பல துண்டுகளை ஒட்டித்தான் அந்த அகலத்தைப் பெற முடியும். மரம் இழையின் குறுக்கே ஈரத்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. உங்கள் கூண்டின் உட்பக்கம் மழைக்காலம்போல் ஈரமாகவே இருக்கும். வெளிப்பக்கமோ அறைக் காற்றில் காய்ந்துகொண்டிருக்கும். ஒரே பலகையின் இரண்டு முகமும் இப்படி இரண்டு பருவத்தில் இருந்தால் அது வளையாமல் இருக்காது. ஒட்டிய இடம் பிளக்கும், கண்ணாடிக் கதவு ஓடும் தடம் கோணும். பிளைவுட்டில் மெல்லிய மரத்தாள் ஒவ்வொன்றும் அடுத்த தாளுக்குக் குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் ஒன்றின் அசைவை இன்னொன்று பிடித்துக்கொள்கிறது. அதனால் அகலமான பரப்புக்குத் தேக்கைவிட நல்ல பிளைவுட்டே சரி என்பது என் உறுதியான கருத்து. தேக்கின் மேல் மதிப்புக் குறைந்து இதைச் சொல்லவில்லை.

பிளைவுட்டில் பெயரை மட்டும் நம்பக் கூடாது. கடையில் எம்.ஆர். (ஈரம் தாங்குவது), பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரைத் தாங்குவது), பி.டபிள்யூ.பி. (கொதிநீர் புகாதது) என்று மூன்று விதமாகச் சொல்வார்கள். எம்.ஆர். என்பது அறைக்குள் உலர்ந்த இடத்துக்கு உரியது. அதன் பசை யூரியா ஃபார்மால்டிஹைடு, ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் விட்டுப்போகும். உங்களுக்கு வேண்டியது ஃபீனால் பசையில் ஒட்டிய, ஐ.எஸ். 710 தரம் பொறித்த மரைன் பிளைவுட். அந்தத் தரத்துக்கு மாதிரித் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிப்பார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன் கீழே உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு பலகையின் நான்கு விளிம்பையும் கண்ணால் பாருங்கள்: நடுத்தாள்களுக்கு இடையே பொந்து தெரிந்தால், முத்திரை இருந்தாலும் அந்தப் பலகையை விட்டுவிடுங்கள். அந்தப் பொந்தில்தான் பின்னால் ஈரம் தங்கும், திருகாணியும் பிடிக்காது. தரைக்கும் மேற்பலகைக்கும் 18 மில்லிமீட்டர், பக்கங்களுக்கு 12 மில்லிமீட்டர் போதும்; எடையைத் தாங்குவது சட்டம்தான். 18 மில்லிமீட்டர் எட்டுக்கு நான்கடிப் பலகை ஒன்றே முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால், மாடிக்கு ஏற்றுவதற்கு முன்பே கடையில் அளவுக்கு அறுத்து வாங்குவது நல்லது. பக்கவாட்டுக்கு மூன்றடி அகலம் எடுத்தபின் மிஞ்சும் ஓரடிப் பட்டைகளை எறிந்துவிட வேண்டாம். இகுவானா ஏறிப் படுக்கும் தட்டுகளுக்கு அவை சரியான அளவு.

இனிச் சட்டம். இதற்கு வெட்டுமரம்தான் வேண்டும். தேக்கு கிடைத்தால் அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் தேக்கு என்ற பெயர் மட்டும் போதாது, வைரம், அதாவது மரத்தின் நடுவிலுள்ள கெட்டியான பகுதி, எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இளமரத்தில் வெள்ளை (வைரத்தைச் சுற்றியுள்ள வெளிர்நிறப் பகுதி) அதிகம், அந்த வெள்ளையைக் கரையானும் வண்டும் மற்ற மரத்தைப் போலவே தின்னும். வேங்கை உறுதியான மரம், ஆனால் ஈரம் பட்டால் சாயம் விடும். தெளித்த நீர் வழிந்து பூச்சின் மேல் பழுப்புக் கறை படியும் என்பதால் கூண்டின் உட்பக்கத்துக்கு நான் சொல்லமாட்டேன். மாமரம், வாகையின் வெள்ளை ஆகியவை எளிதில் உளுத்துப்போகும். ரப்பர் மரம் போரான் மருந்து ஏற்றி வருவதால் அறைக்கலனுக்கு நல்லது. தொடர்ந்து நீர் பட்டால் மருந்து கரைந்துபோய்ப் பலகை கறுத்துவிடும்.

வேம்பைப் பற்றி அப்பா சொன்னது தவறில்லை. நம் ஊர்களில் நிலைக்கும் கதவுக்கும் வேம்பைத் தலைமுறைகளாகப் பயன்படுத்துகிறோம். காயாத வேம்பு முறுக்கிக்கொள்ளும் என்பதுதான் அதன் குறை. ஈரமானி வைத்துப் பார்த்து, பலகையின் நடுவில் 12 சதவீதமோ அதற்குக் கீழோ காட்டினால் சட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். விலங்குக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மூலைக் கால்களுக்கு இரண்டுக்கு இரண்டு அங்குலம், குறுக்குச் சட்டத்துக்கு இரண்டுக்கு ஒன்றரை போதும். பின்பக்கப் பலகையை நான்கடியில் இணைக்க வேண்டியிருக்கும். அந்த இணைப்பு விழும் இடத்தில் ஒரு குறுக்குச் சட்டம் வருமாறு முன்பே வரைந்துகொள்ளுங்கள். திருகாணி எல்லாம் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். சட்டங்களைப் பசை போட்டு நிலையாகப் பொருத்தாமல் போல்ட் நட்டில் முடுக்கினால், வீடு மாறும்போது கழற்றிக் கொண்டுபோகலாம். ஆறடிக் கூண்டு எந்த வாசலிலும் முழுதாக நுழையாது. கடைசியாக, கூண்டின் அடிப்பலகை தரையிலிருந்து நாலங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். வீடு துடைக்கும் நீர் படாது, கரையான் பாதை போட்டாலும் கண்ணில் படும்.


பதில் (மதுரை, கால்நடை மருத்துவர்)

வணக்கம். தச்சர் ஐயா சொன்ன பிரிவு மிகவும் பொருத்தமானது. நான் நச்சுத்தன்மையைப் பற்றிச் சொல்கிறேன். இது போன்ற கூண்டுகளில் மரத்தின் இயல்பான பொருள்களைவிட, மனிதர் அதில் ஏற்றியவையும் பூசியவையுமே பெரும்பாலும் ஆபத்தானவை.

முதலிடம் கரையான் மருந்துக்கு. நம் ஊரில் மரவேலை முடிந்ததும் பலகையின் பின்புறத்திலும் சட்டத்திலும் மருந்து அடிப்பதை வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். கேட்காமலே அடித்துவிடுவதும் உண்டு. குளோர்பைரிஃபாஸ் போன்ற கரிமப் பாஸ்பரஸ் மருந்துகள் ஊர்வனவற்றின் நரம்பு மண்டலத்தைத் தாக்கக்கூடியவை. மூடிய, வெப்பமான கூண்டுக்குள் அதன் ஆவி தங்கிவிடும். எந்தப் பகுதியிலும் எந்த மருந்தும் அடிக்கக் கூடாது என்று வேலை தொடங்கும் முன்பே ஆசாரியிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பேலட்டுகளுக்கும் இதே காரணம் பொருந்தும். பன்னாட்டுச் சரக்குப் பேலட்டில் எச்.டி. (HT) என்ற முத்திரை இருந்தால் அது வெப்பத்தால் பதப்படுத்தியது, எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையிட்டது. எச்.டி. முத்திரை இருந்தாலும்கூட, தொழிற்சாலையில் அந்தப் பேலட்டின் மேல் எந்த வேதிப்பொருள் சிந்தியது என்று யாராலும் சொல்ல முடியாது. இலவசம் என்பதற்காக அதை எடுக்க வேண்டாம்.

அடுத்தது மணம் வீசும் மரங்கள். சிடார் வகை மரங்களை ஊர்வன வளர்ப்பவர்கள் ஒதுக்குவதற்குக் காரணம் அவற்றின் ஆவியாகும் எண்ணெய்கள். சிடார் மரத்தூளில் வளர்த்த எலிகளின் கல்லீரல் நொதிகள் மாறுவது ஆய்வுகளில் தெரிந்த செய்தி. நம் கடைகளில் சந்தன வேம்பு என்று கிடைக்கும் மரமும் மணம் உடையது, ஆகவே அதையும் தவிர்க்கலாம். பிசின் வடியும் புதுப் பைன் பலகையும் வெப்ப விளக்கின் அருகே ஏற்றதல்ல. சாதாரண வேம்பு இந்த அளவுக்கு மணம் வீசுவதில்லை என்றாலும், அதில் கசப்புப் பொருள்கள் இருக்கின்றன. விலங்கு நக்கும் இடத்தில் அதைத் திறந்த நிலையில் வைக்க நான் விரும்பமாட்டேன். கூண்டின் வெளிப்புறத்தில் வரும் சட்டங்களுக்குப் பயன்படுத்துங்கள்.

பழைய வீடு இடித்த தேக்கு கிடைத்தால் வாங்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. மரம் அருமையாக இருக்கும். ஆனால் பழைய பெயிண்ட் ஒட்டியிருந்தால் அதில் ஈயம் இருக்க வாய்ப்பு மிகுதி; வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அந்தப் பெயிண்டை வீட்டுக்குள் தேய்த்து எடுப்பது உங்கள் குடும்பத்துக்கும் நல்லதல்ல. பூச்சு ஏறாத உத்தரம், தூண் போன்றவற்றிலிருந்து அறுத்த பலகையாக இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

பூச்சுக்கு வருவோம். பூசாமல் விட முடியாது. ஊர்வனவற்றின் கழிவில் சால்மோனெல்லா இருப்பது இயல்பு, திறந்த மரத்தின் நுண்துளைகளுக்குள் அது புகுந்துவிட்டால் எந்தக் கிருமிநாசினியும் முழுமையாக எட்டாது. மர அறைக்கலனுக்கு வழக்கமாக அடிக்கும் மெலமைன் பாலிஷ் அமிலத்தால் இறுகும் வகை. இறுகும்போது ஃபார்மால்டிஹைடை வெளியிடும். அரக்குப் பாலிஷ் நஞ்சில்லாதது, ஆனால் ஈரத்தில் வெளுத்துவிடும். நீரை அடிப்படையாகக் கொண்ட பாலியூரிதேனைப் பல மெல்லிய பூச்சுகளாகக் கொடுப்பதும், தரைப்பகுதிக்கு மட்டும் எப்பாக்சி கொடுப்பதும் பொருத்தமானவை. எதைப் பூசினாலும் கைக்கு உலர்ந்ததும் வேலை முடிந்ததாக எண்ணக் கூடாது. உள்ளே முழுமையாக இறுகுவதற்குச் சில வாரங்கள் வேண்டும். மூலைகளில் அடைக்கும் சிலிக்கோனில் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த வகையைத் தவிர்த்து, சாதாரண வகையை வாங்கி, புளித்த வாடை முற்றிலும் போகும்வரை காத்திருங்கள்.


கேள்வி கேட்டவர்

உங்கள் மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வேப்பம்பலகையை வெளிச்சட்டத்துக்கு வைத்துக்கொண்டு, உட்புறம் வரும் குறுக்குச் சட்டங்களைத் தேக்கில் செய்யலாம் என்று அப்பாவும் ஒத்துக்கொண்டார். பேலட் யோசனையை விட்டுவிட்டோம்.

மரைன் பிளைவுட் விஷயத்தில்தான் ஓர் ஐயம் எழுந்திருக்கிறது. கடைக்காரர் கரையான் அண்டாது என்று சொன்னதன் காரணத்தை விசாரித்தபோது, தயாரிக்கும்போதே தாள்களில் மருந்து ஏற்றியிருப்பதாகச் சொன்னார். அப்படியானால் மருந்து வேண்டாம் என்று ஆசாரியிடம் சொல்லிவிட்டு, மருந்து ஏறிய பலகையையே உள்ளே வைப்பதுபோல் ஆகாதா? ஏறுவதற்கான கிளைகளாக எந்த மரத்தைத் தேர்வது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில் (மதுரை, கால்நடை மருத்துவர்)

சரியான இடத்தில் ஐயப்பட்டிருக்கிறீர்கள். ஐ.எஸ். 710 தரத்துக்கு மருந்தேற்றம் ஒரு நிபந்தனை; செம்பு, குரோமியம் ஆகியவற்றோடு ஆர்செனிக்கோ போரானோ சேர்ந்த உப்புகள் இதற்குப் பயன்பட்டுவந்திருக்கின்றன. இவை கரையான் மருந்தைப்போல் ஆவியாகி மூச்சில் கலப்பவை அல்ல. பெரும்பாலும் மர இழையோடு பிணைந்து நிற்பவை. நக்குவது, கீறுவது, ஈரத்தில் கசிவது ஆகியவை மட்டுமே இங்கே வழி. ஆகவே எந்த மருந்து ஏற்றியது என்பதைத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஆர்செனிக் இருந்தால் வேண்டாம். ஆர்செனிக் இல்லை என்று உறுதியானால், உட்பரப்பை ஒரு மில்லிமீட்டர் லேமினேட்டால் மூடிவிடுவது பூச்சை மட்டும் நம்புவதைவிடப் பாதுகாப்பு, ஏனெனில் இகுவானாவின் நகம் பூச்சைக் காலப்போக்கில் கிழித்துவிடும். பலகையை அறுக்கும் வேலையை வீட்டுக்கு வெளியே, முகக்கவசத்தோடு செய்யச் சொல்லுங்கள். மிஞ்சும் துண்டுகளை யாரும் அடுப்பில் வைக்கக் கூடாது.


பதில் (செங்கோட்டை, தச்சுத் தொழில்)

மருத்துவர் சொன்ன லேமினேட் நல்ல வழி. அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உட்பக்கம் மட்டும் ஒட்டிவிட்டு வெளிப்பக்கத்தை வெறுமையாக விட்டால் பன்னிரண்டு மில்லிமீட்டர் பலகை ஒருபுறமாக இழுத்துக்கொள்ளும். வெளியேயும் விலை குறைந்த ஒரு லேமினேட்டை ஒட்டிவிடுங்கள். ஒட்டுவதற்கு ரப்பர் சொல்யூஷன் வேண்டாம், நீர் தாங்கும் வகை வெள்ளைப் பசையைப் பூசி, பாரம் ஏற்றி ஒரு நாள் வையுங்கள்.

லேமினேட் ஒட்டினால் எல்லாம் மூடிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. பிளைவுட் நீரைக் குடிப்பது முகத்தால் அல்ல, வெட்டிய விளிம்பால். பொருத்துவதற்கு முன்பே ஒவ்வொரு விளிம்புக்கும், கம்பி நுழைய இட்ட துளை, காற்றுப்போக்கிக்கு வெட்டிய வட்டம் ஆகியவற்றின் உள்விளிம்புக்கும் எப்பாக்சி கொடுத்துக் காயவிடுங்கள். பொருத்தியபின் அந்த இடங்களுக்குத் தூரிகை போகாது. தேக்குச் சட்டத்தில் பாலியூரிதேன் பூசும் முன் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்து உலரவிட வேண்டும். தேக்கில் இயல்பாக உள்ள எண்ணெய்ப் பசை இருந்தால் பூச்சு ஒட்டாமல் உரிந்துவரும்.


பதில் (சென்னை, இகுவானா வளர்ப்பவர்)

கிளைகளுக்குக் கொய்யாவை முதலில் சொல்வேன். கடினமான மரம், பட்டை வழுவழுப்பானது, வளைந்து வளரும் கிளை எளிதில் கிடைக்கும். நேரான ஏணிபோல் வைக்கச் சவுக்குக் கம்பும் பயன்படும், ஆனால் அதன் பட்டை உரிந்துகொண்டே இருக்கும் என்பதால் சீவிவிட்டுப் பயன்படுத்துங்கள். கிளையின் பருமன் இகுவானாவின் உடல் அகலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அரளி, எருக்கு ஆகியவற்றின் கிளைகளை எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது. கடற்கரைப் பகுதியில் உள்ளவர்கள் தில்லை மரத்தை அடையாளம் தெரிந்துகொண்டு ஒதுக்க வேண்டும், அதன் பால் கண்ணையே கெடுக்கும். பூச்சிமருந்து தெளிக்காத தோட்டத்துக் கிளையாக வாங்கி, கொதிநீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, நல்ல வெயிலில் உலர்த்திய பிறகு உள்ளே வையுங்கள். கிளைகளைப் பூச வேண்டியதில்லை, அழுக்கேறினால் மாற்றிவிடலாம். அவற்றைப் பலகையில் திருகாமல் சட்டத்தில் திருகுங்கள், வளர்ந்த இகுவானா தாவும்போது விழும் பாரம் சிறியதல்ல.

வெப்பக் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இது மரத்தைச் சார்ந்த செய்திதான். பீங்கான் வெப்பமூட்டியின் மேற்பரப்பு 200 டிகிரிக்கு மேல் சூடேறும். அதைப் பீங்கான் ஹோல்டரில் பொருத்தி, சுற்றிலும் கம்பிக் கூடு அமைத்து, மரத்திலிருந்து நன்றாகத் தள்ளித் தொங்கவிட்டு, மேற்பலகையில் அதற்கு நேரே ஓர் அலுமினியத் தகட்டை இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் இயக்க வேண்டாம். புற ஊதா விளக்கும் கூண்டின் உள்ளேயே இருக்க வேண்டும், கண்ணாடிக்கு வெளியே வைத்தால் யு.வி.பி. கதிர் உள்ளே வராது.

எல்லாம் முடிந்ததும் இகுவானாவை உடனே விடாமல், விளக்குகளை எரியவிட்டு, வழக்கம்போல் நீரும் தெளித்து, கூண்டை ஒரு வாரமாவது காலியாக இயக்குங்கள். காலையில் கதவைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். பூச்சு வாடை சிறிதேனும் இருந்தால் கதவைத் திறந்து வைத்து இன்னும் சில நாள் காயவிடுங்கள். அந்த ஒரு வாரத்திலேயே எந்த மூலையில் நீர் தேங்குகிறது, எந்த விளிம்பு ஊறுகிறது என்பதும் தெரிந்துவிடும், விலங்கு உள்ளே இல்லாதபோது அதைச் சரிசெய்வது எளிது.